எட்டு நூல் ஓர் அங்குலம்: தில்லியில் தச்சராக வாழ்ந்த என் அப்பா

தில்லியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தச்சு வேலை செய்த என் அப்பா 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காலமானார். அவர் பெயரில் கடை இருந்ததில்லை, பெயர்ப்பலகையும் இருந்ததில்லை. ஆனால் ஆர்.கே.புரம், கரோல் பாக், ஜனக்புரி, மயூர் விஹார் என்று தமிழர்கள் வாழும் பகுதிகளில் அவர் செய்த கதவுகளும் கட்டில்களும் கொலுப்படிகளும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. துக்கம் கேட்க வந்தவர்களில் பலர் அவருடைய குணத்தைப் பற்றிப் பேசியதைவிட, ‘ஆசாரி போட்ட கதவு இன்னும் இறங்கவில்லை’ என்றுதான் அதிகம் பேசினார்கள். அந்தக் கதவு ஏன் இறங்கவில்லை என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைக்கு அருகில். மரக்கடைகளும் மரம் அறுக்கும் மில்களும் நிறைந்த பகுதி அது. தாத்தாவிடம் இழைப்புளி பிடிக்கக் கற்றவர், 1981-இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறித் தில்லிக்கு வந்தார். அடுத்த ஆண்டு நடக்கவிருந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் அவசர அவசரமாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்குக் கிடைத்ததும் சென்ட்ரிங் வேலைதான். கான்கிரீட் இறுகியதும் பிரித்தெறியப்படும் பலகைகளுக்கு ஆணி அடிப்பது, சட்டத்தின் முனையில் கழுந்தும் அது செருகும் துளையும் செதுக்கிப் பழகிய கைக்கு உவப்பான வேலை அல்ல. ஆனாலும் ஊருக்கு மணியார்டர் அனுப்ப முடிந்ததே என்று அந்த வேலையை அவர் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. போட்டிகள் முடிந்ததும் பஞ்சகுயான் சாலையில் ஒரு மரச்சாமான் பட்டறையில் சேர்ந்து, பிறகு கீர்த்தி நகர் மரச் சந்தையோடு பழக்கம் ஏற்பட்டுத் தனியாக வேலை எடுக்கத் தொடங்கினார்.

ஊரில் கற்ற தச்சு தில்லியில் அப்படியே செல்லுபடியாகவில்லை என்பதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். குற்றாலச் சாரல் எட்டும் ஊரில் மரம் ஓரளவு ஒரே நிலையில் இருக்கும். தில்லியிலோ மே மாதத்தில் ‘லூ’ என்னும் அனல்காற்று வீசும்போது காற்றின் ஈரப்பதம் பிற்பகலில் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடுவதுண்டு. ஆகஸ்டில் அதுவே எழுபது, எண்பதைத் தொடும். மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். வாங்கும்போது அகலத்தில் உப்பும், கொடுக்கும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் மட்டும் அநேகமாக மாறாது. மரத்தின் வட்ட வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். கணக்காகச் சொன்னால், ஓர் அடி அகலமுள்ள தேக்குப் பலகை தில்லியின் கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வரை நகரக்கூடும். தச்சர் கணக்கில் அது கிட்டத்தட்ட ஒரு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். பள்ளியில் பின்னம் சொல்லித் தரும் முன்பே அரைக்கால் என்றால் என்ன என்பதை நான் அப்பாவின் அடிக்கோலில் விரல் வைத்துத் தெரிந்துகொண்டுவிட்டேன்.

இந்த ஒரு நூலை எங்கே, எவ்வளவு விடுவது என்பதில்தான் அவருடைய தொழில் முழுவதும் இருந்தது. பலகை வைத்த கதவு ஒன்றை அவர் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். சுற்றிலும் உள்ள சட்டங்களின் உள்விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துக்கொள்வார். நடுவில் வரும் பலகையைக் காடியின் அடிவரை எட்டாதபடி சற்றுக் குறைவாக வெட்டி, பசை எதுவும் தடவாமல் வெறுமனே செருகுவார். சட்டங்களின் மூலைகளில் மட்டும் கழுந்தில் பசை தடவி, குறுக்கே மூங்கில் ஆணி இறக்கி இறுக்குவார். பலகை உள்ளே மிதந்தபடி இருப்பதால் மழைக்காலத்தில் விரிந்தாலும் சட்டத்தை உடைக்காது, கோடையில் சுருங்கினாலும் தான் வெடிக்காது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கதவைக் கூட்டுவதற்கு முன்பே பலகைக்கு விளிம்பு வரை பாலிஷ் போட்டுவிடுவார். கூட்டிய பிறகு பாலிஷ் போட்டால், மே மாதத்தில் பலகை சுருங்கும்போது காடிக்குள் ஒளிந்திருந்த வெளிறிய மரம் ஒரு கோடாக வெளியே தெரியும். வாடிக்கையாளர் அதைப் பார்த்து விரிசல் என்று சண்டைக்கு வருவார். பெயின்டர்கள் காடியின் இடுக்கில் பெயின்டையும் புட்டியையும் அடைத்து வைப்பதை அவர் கண்டால் அன்றைக்கு முழுவதும் முகம் கடுத்தே இருக்கும், ஏனென்றால் அப்படி ஒட்டிப்போன பலகை அடுத்த கோடையில் நடுவே பிளக்கும்.

இதிலிருந்து வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆகஸ்டில் கதவு பிடிக்கிறது என்றவுடன் ஆளைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். அப்போது இழைத்துவிட்டால் அடுத்த கோடையில் கண்ணில் படும் அளவு இடைவெளி நிற்கும். அவசரத்துக்கு உரசும் இடத்தில் மெழுகுவர்த்தி தேய்த்துச் சமாளித்து, மழை ஓய்ந்து அக்டோபர் பாதிவரை பொறுத்துப் பார்த்து, அப்போதும் பிடித்தால் மட்டும் இழைக்கச் சொல்லலாம். அதைவிட முக்கியமாக, கதவைக் கழற்றிய நேரத்தில் அதன் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் பாருங்கள். பத்தில் ஒன்பது வீடுகளில் அந்த இரண்டு இடங்களிலும் பெயின்டே பட்டிருக்காது என்பார் அப்பா. கண்ணில் படாத இடம் என்று பெயின்டர் விட்டிருப்பார். தினமும் தரை துடைக்கும் ஈரம் அந்த அடிவிளிம்பு வழியாகத்தான் ஏறும். ஆறு பக்கமும் பூசாத கதவுக்கு அவர் உத்தரவாதம் கொடுத்ததில்லை. புதிதாகக் கதவு மாட்டும்போதும் மாதத்தைப் பார்ப்பார். கோடையில் மாட்டினால் இடைவெளியைச் சற்றுத் தாராளமாகவும், மழையில் மாட்டினால் சற்று இறுக்கமாகவும் விடுவார்.

தில்லித் தமிழர்களிடையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை கதவுகளைவிடக் கழற்றி மாட்டும் சாமான்கள்தான். மத்திய அரசு ஊழியர்கள் குவார்ட்டர்ஸ் விட்டுக் குவார்ட்டர்ஸ் மாறுவார்கள், ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவார்கள். லாரியில் ஏற்றி இறக்கும்போது ஆணி அடித்த கட்டில் இரண்டாவது முறைக்குத் தாங்காது. ஆகவே தலைமாடும் கால்மாடும் தனித்தனியாக, நெடுஞ்சட்டங்கள் நீண்ட போல்ட்டில் இறுகும்படி செய்வார். போல்ட்டோடு கூடவே சிறிய மர முளைகளையும் வைப்பார், எடையைத் தாங்குவது முளை, இழுத்துப் பிடிப்பது போல்ட் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்ததால் அந்தக் கட்டில்கள் கிறீச்சிடுவதில்லை.

கொலுப்படி அவருடைய தனிப்பெருமை. நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே வேலை வந்து குவியும். ஐந்து படியோ ஏழு படியோ, இரண்டு பக்கச் சட்டங்கள் மடங்க வேண்டும், பலகைகள் தனியே கழன்று கட்டிலுக்கு அடியில் படுக்க வேண்டும், வெண்கல விளக்கும் மண் பொம்மைகளும் ஏறினால் அசையக் கூடாது. கரோல் பாக்கில் ஒரு மாமி வீட்டில் வேறொருவர் செய்த படியைச் சரிசெய்யப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். ‘ஆணியெல்லாம் அடிச்சுப் பார்த்தாச்சு ஆசாரி, ஆடிண்டேதான் இருக்கு’ என்றார் மாமி. அப்பா படியைத் தொடவே இல்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு காகிதத்தை மடித்து நான்கு கால்களுக்கு அடியிலும் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். ஒரு காலுக்கு அடியில் காகிதம் தடையில்லாமல் போனது. ‘படி ஆடலம்மா, தரைதான் மட்டமில்ல’ என்றவர், எல்லா ஆணிகளையும் பிடுங்கி எடுத்துவிட்டு, அந்தக் காலுக்கு மட்டும் மெல்லிய ஆப்பு ஒன்றைச் சீவி ஒட்டிவிட்டு, பின்பக்கம் குறுக்காக ஒரு பட்டை கொடுத்தார். பிறகு ஒவ்வொரு பலகையின் அடியிலும் அது உட்காரும் சட்டத்திலும் உளியால் ஒரே மாதிரி கோடுகளைக் கீறினார். முதல் படிக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு. பென்சிலால் எழுதினால் துடைக்கும்போது போய்விடும். உளிக் கோடு, ஆண்டுக்கு ஒருமுறை யார் எடுத்துக் கூட்டினாலும் வழி சொல்லும். கழற்றி வைக்கும் எந்த மரச்சாமானுக்கும் இப்படிச் செய்துகொள்ளலாம், செலவே கிடையாது.

வெளியே எவ்வளவு வேலை இருந்தாலும் மாலையில் அவர் வீட்டில் இருப்பார். வளைகுடாவில் இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம் என்று ஏஜென்ட் ஒருவர் வந்து பேசியது எனக்கு நினைவிருக்கிறது. ‘நான் போயிட்டா சாயங்காலம் இதுகளை யாரு பாக்க?’ என்று எங்களைக் காட்டிக் கேட்டார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் தம்பியும் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தோம். எங்கள் படிப்பு மேசையை இரண்டு உயரத்தில் வைக்கும்படி கால்களில் துளைகளோடு செய்திருந்ததால் பள்ளி முடியும் வரை அதே மேசை போதுமானதாக இருந்தது. கிருத்திகை நாட்களில் ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போவோம். வார இறுதியில் கூலி வந்ததும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் அவர் சொல்ல அம்மா எழுதுவார்: யார் வீடு, என்ன வேலை, என்ன மரம், எவ்வளவு கன அடி, எவ்வளவு கூலி, எவ்வளவு பாக்கி. அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பதால் தொடங்கிய பழக்கம் அது. பிற்காலத்தில் அந்த நோட்டுகளே எங்களுக்குப் பெரிய சொத்தாயின.

அம்மாவுக்கு மூட்டுவலி வந்தபோது அவர் செய்த நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு அது பயன்படும். அம்மா குள்ளம். கடையில் விற்கும் நாற்காலிகளில் ஒன்று கால் தரையில் ஊன்றாது, அல்லது தாழ்வாக இருந்து எழுந்திருக்க விடாது. அப்பா அம்மாவைச் செருப்போடு நிற்க வைத்து, குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் மட்டும் கூட்டி இருக்கையின் உயரத்தை வைத்தார். கைப்பிடிகளை இருக்கையின் முன்விளிம்பு வரை நீட்டினார். எழும்போது உள்ளங்கை ஊன்றுவது அந்த முன்முனையில்தான் என்பதால், பாதியில் நின்றுவிடும் கைப்பிடி அழகுக்குத்தான் ஆகும் என்பது அவர் கருத்து. முன்கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் வைக்கவில்லை, எழும்போது பாதத்தைப் பின்னுக்கு இழுக்க இடம் வேண்டுமல்லவா! கட்டிலையும் அதே அளவுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினார். அம்மாவிடம் கனிவாக இரண்டு வார்த்தை பேசத் தெரியாதவர் என்று அத்தை கேலி செய்வதுண்டு. எனக்கு அந்தக் கேலி ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

தொண்ணூறுகளில் அவர் தொழில் மாறியது. 1993-இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. காடுகளைக் காக்க எடுக்கப்பட்ட அந்த முடிவு 2020-இல்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1996 டிசம்பரில் காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் உரிமமற்ற மர மில்கள் மூடப்பட்டு, காட்டு மரம் வெட்டுவது கட்டுக்குள் வந்தது. உள்நாட்டுத் தேக்கு விலை ஏறியது, வெளிநாட்டு மரமும் பிளைவுட்டும் சந்தையை நிறைத்தன. காடு பிழைத்ததே என்று சந்தோஷப்பட்டவர்தான் அவர். ஆனால் கழுந்து செதுக்கிய கை, லேமினேட் ஒட்டும் கையாக மாற வேண்டியிருந்தது. அதையும் முறையாகவே கற்றுக்கொண்டார்.

மரமோ பிளைவுட்டோ வாங்குபவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தவை இவை. அறுத்த மரத்தின் அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். நான்கு அங்குலத்துக்கு இரண்டரை அங்குலத்தில் ஏழடிச் சட்டம் என்றால் ஏறக்குறைய அரைக் கன அடி. கடைக்காரர் அகலமான முனையில் டேப் வைப்பார், நீங்கள் நடுவில் வைத்து அளக்க வேண்டும். வைரம் பாயாத வெளிறிய ஓரம் இருந்தால் அதை விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும், பூச்சி முதலில் பிடிப்பது அதைத்தான். அன்றைக்கு அறுத்த மரத்தை அன்றைக்கே கதவாக்கக் கூடாது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு நிழலில் உலர வேண்டும் என்பது பழைய கணக்கு, சூளையில் பதப்படுத்திய மரம் கிடைத்தால் காத்திருக்கத் தேவையில்லை. பிளைவுட்டில் அறை அலமாரிக்கு ஐ.எஸ். 303 என்னும் இந்தியத் தரக் குறியீடு இருந்தால் போதும், சமையலறைத் தொட்டிக்குக் கீழேயும் குளியலறை ஓரத்திலும் ஐ.எஸ். 710 கேட்டு வாங்க வேண்டும். 710 தரத்துக்கான சோதனையில் அதன் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைத்தும் அடுக்குகள் பிரியாமல் இருக்க வேண்டும். முத்திரையோடு அச்சிட்டிருக்கும் உரிம எண்ணை இப்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டே சரிபார்க்கலாம். கீல் திருகு தளர்ந்துவிட்டால் பெரிய திருகு போடாமல், ஓட்டையில் ஃபெவிகால் தடவிய மூங்கில் குச்சியை அடித்து நிரப்பி, மறுநாள் பழைய திருகையே ஏற்றலாம். ஃபெவிகால் பரவலாவதற்கு முன் வச்சிரம் என்னும் பசையைக் காய்ச்சிய காலத்திலிருந்தே இது எங்கள் குடும்பத்து வழக்கம்.

அவருடைய நுரையீரல் கடைசி ஆண்டுகளில் மிகவும் தளர்ந்துவிட்டது. என்ன காரணம் என்று மருத்துவர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்திவிட்டது என்பதை, ஆயுளெல்லாம் மரத்தூளில் நின்ற ஒருவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மூக்கில் கட்டியது ஈரத்துண்டு மட்டுமே. பவர் கருவிகள் வந்தபின் பறக்கும் நுண்தூளை அது தடுக்காது. தச்சு வேலை செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் என்.95 முகக்கவசத்தைக் கருவிப்பெட்டியிலேயே போட்டு வையுங்கள். வீட்டுக்காரராக இருந்தால், உள்ளே வெட்டச் சொல்லாமல் மாடியிலோ வராந்தாவிலோ இடம் கொடுங்கள்.

இன்னொன்று காகித விஷயம். அப்பா காலத்தில் நடப்பில் இருந்த, கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது முதல் 60 வயதுக்குள், முந்தைய 12 மாதங்களில் 90 நாட்கள் கட்டட வேலை செய்தவர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய முடிந்தது. கட்டட வேலை செய்யும் தச்சர்களும் இதில் அடக்கம். அப்பா பதிவு செய்யப் போனபோது, அவர் நெடுநாள் வேலை செய்த கான்ட்ராக்டர் 90 நாள் சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். போட்டால் தனக்கு ஏதாவது பொறுப்பு வந்துவிடும் என்ற பயம். அங்கே இங்கே அலைந்து காலம் ஓடிவிட்டது. 60 வயதுக்கு முன் குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பயனாளியாக இருந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னதால், ஐம்பதுகளின் கடைசியில் நினைவு வந்து பயனில்லை. நாற்பது வயதிலேயே செய்துவிட வேண்டிய வேலை இது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர் உட்பட 18 கைத்தொழில்கள் இடம்பெற்றிருக்கின்றன, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை கிடைக்கிறது. அப்பா அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, ‘இனிமே எனக்கு எதுக்கு, அந்தப் பயலுக்குச் சொல்லு’ என்றார்.

அந்தப் பயல், கோரக்பூர் பக்கத்திலிருந்து வந்து அவரிடம் உதவியாளராக இருந்த இளைஞர். அப்பா போன பிறகு கருவிகளை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, எல்லாவற்றையும் நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்றான் தம்பி. அம்மா சம்மதிக்கவில்லை. தில்லி மழைக்காலத்தில் தொடாமல் வைத்த உளியில் ஒரே மாதத்தில் துரு ஏறும் என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். மூலைமட்டத்தையும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியையும் மட்டும் எங்களுக்கு எடுத்துக்கொண்டு மற்றவற்றை அந்த இளைஞரிடம் கொடுத்தோம். கொடுக்கும் முன் ஒவ்வொரு கருவியையும் கையில் வைத்து அது எந்த வேலைக்கு, எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்று அவரையே பேசச் சொல்லி வீடியோ எடுத்துவைத்தோம். இரும்புக்குத் தையல் மெஷின் எண்ணெய், மர இழைப்புளியின் உடலுக்கு ஆளிவிதை எண்ணெய், பிளாஸ்டிக் பையில் மட்டும் சுற்றக் கூடாது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. சென்ற நவராத்திரிக்கு முன் அதே கரோல் பாக் மாமியின் வீட்டுப் படியில் ஒரு பலகையை மாற்ற வேண்டி வந்தபோது அந்த இளைஞர்தான் போனார். கூலி எவ்வளவு கேட்பது என்று அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். நான் அம்மாவின் கையெழுத்தில் இருந்த பழைய நோட்டைப் புரட்டி அப்பா வாங்கிய தொகையைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ஏறிய விலைவாசியையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன்.